சுவிட்சைப் போட்டவரே கல்லையும் கழுவ வேண்டும்

எங்கள் வீட்டில் கிழமைகளுக்குப் பெயர் வேறு. ஞாயிறும் புதனும் மாவாட்டும் நாள்கள். திங்களும் வியாழனும் இட்லி நாள்கள். செவ்வாயும் வெள்ளியும் தோசை நாள்கள். புதன் காலையும் சனிக்கிழமையும், பாத்திரத்தின் அடியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்து, பணியாரமாகவோ ஊத்தப்பமாகவோ அமையும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்புமா என்பதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஞாயிறு மாலையில் எங்கேனும் வரச்சொல்லி நண்பர்கள் அழைத்தால், மாவாட்ட வேண்டும் என்று நான் சொல்வதை அவர்கள் சாக்கு என்றே நினைக்கிறார்கள். அது சாக்கு அல்ல என்பதற்கு என் சட்டையின் முழங்கைப் பகுதியில் காய்ந்து ஒட்டியிருக்கும் உளுந்து மாவே சாட்சி.

கடந்த ஆண்டு வரை இந்த நாள்காட்டியில் எனக்குரிய பங்கு சாப்பிடுவதோடு முடிந்துவிட்டது. என் மனைவிக்கு வலது மணிக்கட்டில் வலி வந்து, துணி பிழிவதும் கனமான பொருளைத் தூக்குவதும் ஆறு வாரங்களுக்குக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, கிரைண்டர் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையோடு முன்வந்தேன். "சுவிட்சைப் போடுவதுதானே" என்று கூடுதலாக ஒரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன். அப்போது என் அம்மாவும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையின் பொருள், அன்றிரவு ஒன்பதே முக்காலுக்குச் சமையலறைத் தரையில் மண்டியிட்டு மாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில் நின்ற மிகச் சில தருணங்களில் அதுவும் ஒன்று.

கோயம்புத்தூரில் குடியிருந்துகொண்டு கிரைண்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்வது, பவானியில் இருந்துகொண்டு ஜமுக்காளத்தைப் பார்த்ததில்லை என்று சொல்வதற்குச் சமம். 1955ஆம் ஆண்டில் இவ்வூரைச் சேர்ந்த பி. சபாபதி என்பவர்தான் மின்சாரத்தில் ஓடும் மாவாட்டும் இயந்திரத்தை முதலில் உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் உரல் அசையாமல் இருக்கும், குழவியைக் கையால் சுற்ற வேண்டும்; அவர் இதைத் தலைகீழாக்கி, குழவியை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தி, உரலைச் சுழலவிட்டார். கேட்கும்போது மிக எளிய யோசனையாகத் தோன்றினாலும், அதற்கு முன்பு எத்தனையோ தலைமுறைப் பெண்களின் தோள்பட்டைகள் குழவியோடு சேர்ந்து சுற்றியிருக்கின்றன என்பதை நினைத்தால் அதன் பெருமை புரியும். பிற்காலத்தில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெண்ணெய்க்குப் பெயர் பெற்ற ஊத்துக்குளிப் பக்கம் கல் வெட்டிக் கொத்துகிறவர்களுக்கும் இந்தத் தொழிலில் பங்கு உண்டு. ஊரின் புகழ் இவ்வளவு இருக்க, அந்த ஊர்க்காரனான எனக்கு உளுந்தை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்பதுகூட நாற்பத்தாறு வயதில்தான் தெரியவந்தது.

என் அம்மா பிறந்தது காங்கயத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூர். அவருடைய சிறுவயதில் அந்த வீட்டில் நாள்தோறும் ராகிக் களியும் கம்பஞ்சோறும்தான். இட்லி என்பது நோம்பி என்று நாங்கள் சொல்லும் பண்டிகைக்கும், ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வந்து தங்கும் நாளுக்கும் உரியது. தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையில் அம்மாவும் அவருடைய அக்காவும் வீட்டின் பின்புறப் பொடக்காலியில் இருந்த ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தால், ஒருவர் குழவியைச் சுற்ற மற்றவர் மாவைத் தள்ளிவிட, இருட்டிய பிறகும் வேலை முடியாதாம். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அவர் சொன்னதை இங்கே அப்படியே தருகிறேன்.

"அப்பெல்லாம் ஒரலு நின்னுது, கொழவி சுத்துச்சு, கூடவே நாங்களும் சுத்துனோம். இப்ப கொழவி நிக்குது, ஒரலு சுத்துது. நீயும் நின்னுட்டே இருந்தீன்னா மாவை ஆரு கண்ணு தள்ளி உடறது?"

முதல் நாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது மேசை மேல் வைக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டர். உளுந்து ஒரு டம்ளர்தானே என்று முழுத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றி, மூடியைப் போட்டுவிட்டுச் செய்தித்தாளை எடுத்தேன். கல்லின் அடியில் அகப்படாத உளுந்துப் பருப்புகள் தண்ணீரில் மிதந்தபடி சுற்றிச் சுற்றி வந்தன. நாற்பது நிமிடம் கழித்தும் மாவு பாயசத்தைப் போலத்தான் இருந்தது. அதைச் சரிசெய்ய, ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டேன். கரண்டி கல்லில் பட்ட வேகத்தில் சுவர், ஜன்னல், நாள்காட்டியில் இருந்த முருகன் என எல்லோர் மீதும் மாவு தெறித்தது. மறுநாள் இட்லி என்ற பெயரில் வந்தது, சாப்பிடும் வட்டலில் தட்டினால் ஓசை எழுப்பியது. என் மகன் அதைக் கடிக்காமல் உருட்டிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு என் மனைவி நாற்காலியில் அமர்ந்து வாயால் மாவாட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் சொல்லி நான் கற்றதில் பயனுள்ளவற்றைத்தான் இங்கே எழுத நினைத்தேன். உளுந்தில்தான் எல்லாம் இருக்கிறது, அரிசி பின்னால் வருகிற கூட்டம்தான்.

தோல் நீக்கிய முழு உளுந்து வாங்க வேண்டும். உடைத்த உளுந்தும் ஆடும், ஆனால் அந்த அளவுக்குப் பொங்காது. வாங்கி வெகுநாளான பழைய உளுந்து எவ்வளவு ஆட்டினாலும் வீங்காது. மாவு சரியாக வரவில்லை என்று மருமகளையோ கிரைண்டரையோ குறை சொல்வதற்கு முன்பு மளிகைக் கடையில் அது எத்தனை மாதம் கிடந்தது என்று கேட்டுக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது. நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. உளுந்து ஒரு மணி நேரம் ஊறினால் போதும், ஒன்றரை மணியைத் தாண்ட வேண்டாம். அரிசிக்கு நாலு மணி நேரம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் ஊறப்போட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போய்விடுவதுதான் என்னைப் போன்ற புதியவர்கள் செய்யும் முதல் தவறு. உளுந்து ஊறும் பாத்திரத்தைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும், ஊறிய அந்தக் குளிர்ந்த தண்ணீரையே தெளித்து ஆட்ட வேண்டும். கல் ஓட ஓடச் சூடேறும். மாவும் சூடானால் பிசுபிசுப்புக் குறைந்து, பிறகு பொங்குவதற்குச் சோம்பல்படும். மிக்சியில் அரைத்த மாவு இட்லிக்குப் பெரும்பாலும் ஏமாற்றுவதற்கும் இந்தச் சூடுதான் முக்கியக் காரணம்.

தண்ணீரை ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். இதை எழுதுவது எளிது. முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கை தண்ணீர் மட்டும் போதும்; அப்போது கல் கடகடவென்று சத்தமிடும். பருப்பு உடைந்து பசையாகத் தொடங்கியதும் சத்தம் தணிந்து, ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போன்ற ஓர் ஓசை வரும். அப்போது அடுத்த கை. பத்து நிமிடம் கழிந்தால் மாவு கல்லின் மேல் ஏறி, நாடா போல மடிந்து மடிந்து விழும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தள்ளிவிட வேண்டும், அதற்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும். இருபத்தைந்து முப்பது நிமிடத்தில் ஒரு டம்ளர் உளுந்து டிரம் கொள்ளுமளவுக்கு எழும்பி வெண்ணெய் போல நிற்கும். அப்போது ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் சிறு உருண்டையாக மாவைப் போட்டுப் பார்க்க வேண்டும். மிதந்தால் ஆயிற்று, மூழ்கினால் இன்னும் ஆட வேண்டும். ஆறாவது வாரத்தில் என் உருண்டை மிதந்தபோது, அடுப்பங்கரையில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை, பதவி உயர்வு கிடைத்த நாளோடு ஒப்பிட்டு வீட்டில் சொன்னேன். பதவி உயர்வு எப்போது கிடைத்தது என்று மனைவி கேட்டார்.

அரிசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இட்லிக்கு ரவை போன்ற பதத்தில் நிறுத்திவிட வேண்டும், தோசைக்கு மட்டும் என்றால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும். அவ்வளவுதான்.

இனி உப்புக்கு வருவோம். எங்கள் வீட்டில் பதினேழு ஆண்டுகளாகத் தீராத வழக்கு இது. மாவைக் கரைக்கும்போதே உப்பைப் போட வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. பொங்கிய பிறகு காலையில்தான் போட வேண்டும் என்பது மனைவியின் கட்சி. அவர் பிறந்தது தாளவாடிப் பக்கத்து மலைமேல் ஊர், அங்கே குளிர் அதிகம். நான் நடுநிலை வகிப்பதற்காக இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். உளுந்திலேயே இயல்பாகக் குடியிருக்கும் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் போன்ற நுண்ணுயிரிகள்தான் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் பிசுபிசுப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைப்பதால் மாவு எழும்புகிறது. உப்பு இந்த வேலையைச் சற்றே தாமதப்படுத்தும். ஆகவே சித்திரை வெயிலில் மாவு விடிவதற்குள் புளித்துவிடாமல் இருக்க இரவே உப்புப் போடுவது சரி. மார்கழிக் குளிரில் பொங்கவே தயங்கும் மாவுக்குக் காலையில் போடுவது சரி. இந்தத் தீர்ப்பை இருவர் முன்னிலையிலும் வாசித்தேன். ஆறு மாதம் ஒருவர் கட்சி, ஆறு மாதம் மற்றவர் கட்சி என்பதால் இருவருமே தாங்கள்தான் வென்றதாக நினைத்துக்கொண்டார்கள். குடும்பத்தில் இதைவிடச் சிறந்த தீர்ப்பு கிடையாது.

கையால்தான் கரைக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கைராசி என்று அம்மா சொல்வார். நுண்ணுயிரிகள் உளுந்திலிருந்தே வந்துவிடுவதால் கரண்டியால் கரைத்தாலும் மாவு பொங்கத்தான் செய்கிறது. இதை இரண்டு முறை யாருக்கும் தெரியாமல் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஆனாலும் உளுந்து மாவும் அரிசி மாவும் அடிவரை ஒன்றாகக் கலந்துவிட்டனவா என்பதைக் கை அறிவது போலக் கரண்டி அறிவதில்லை. ஆகவே நானும் இப்போது கையால்தான் கரைக்கிறேன். என் கைக்கு ராசி இல்லை என்று அம்மா நினைப்பதால் கடைசியில் தாமும் ஒரு சுற்றுக் கலக்கிவிட்டுத்தான் மூடுவார்.

இன்னொன்று, மாவோடு நாலைந்து கொட்டமுத்து சேர்த்து ஆட்டினால் இட்லி பஞ்சு போல இருக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆமணக்கு விதையைத்தான் கொட்டமுத்து என்கிறோம். அதில் ரிசின் என்ற கடுமையான நஞ்சு உண்டு. நன்றாக வெந்தால் அது செயலிழக்கும் என்றாலும், பச்சை மாவை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் சிறுவன் இருக்கும் வீட்டில் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று நான் மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக அந்த ஒரு தேக்கரண்டி வெந்தயமே போதுமான மென்மையைத் தருகிறது.

மார்கழியும் தையும் இங்கே மாவுக்குச் சோதனைக் காலம். வாடைக் காற்றும் குளிரும் சேர்ந்து அடிக்கும் இரவுகளில், எட்டு மணி நேரத்தில் பொங்க வேண்டிய மாவு பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். ஆட்டும்போது அரிசிக்கு மட்டும் கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்கலாம். பாத்திரத்தை அரிசி வைத்திருக்கும் டின்னுக்குள் இறக்கிவைக்கலாம். ஓவன் உள்ளவர்கள் அதைச் சூடேற்றாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைக்கலாம். அம்மாவின் வழி வேறு. அவர் மாவுப் போசியைப் பவானி ஜமுக்காளத்தில் நாலு சுற்றுச் சுற்றி, ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் முன்கூடத்தில் சோபாவின் மூலையில் உட்கார வைத்துவிடுவார். குளிர்கால விடியற்காலையில் எழுந்து வரும் எவருக்கும், யாரோ ஒரு குள்ளமான ஒரம்பரை இரவோடு இரவாக வந்து போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே தோன்றும். ஒருமுறை உண்மையான ஒரம்பரையே வந்து, அதைத் திண்டு என்று நினைத்துச் சாய்ந்துவிட்டார். அவர் எங்களுக்குச் சம்பந்தி முறை என்பதால் யாரும் கத்தவில்லை. அம்மா மட்டும் மிக மென்மையாக, "மச்சான், கொஞ்சம் இக்கட்ட உக்காருங்க, அது மாவுங்க" என்றார்.

மாவைப் பாத்திரத்தின் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காங்கயத்திலிருந்து கோவைக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். கடை மாவை வாங்கித் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று பெரியம்மா ஒரு தூக்குப்போசி நிறைய மாவைக் கொடுத்து, வழியில் சிந்திவிடக் கூடாது என்று மூடியை இறுக்கி அழுத்தி, மேலே ஒரு துணியையும் கட்டியிருந்தார். இருக்கையில் எனக்குப் பக்கத்தில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் ஒரு பெரியவர், சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் அமர்ந்திருந்தார். போசி எங்கள் இருவரின் கால்களுக்கு நடுவில் இருந்தது. இன்ஜினின் சூடு, வெளியே வெயில், பேருந்தின் குலுக்கல் மூன்றும் சேர்ந்து அந்த மாவுக்கு எத்தகைய சொர்க்கமாக இருந்திருக்கும் என்பதை இப்போது என்னால் உணர முடிகிறது. பல்லடத்துக்குள் நுழையும்போது துணியின் கட்டு மெல்ல உப்புவதைப் பார்த்தேன். பேருந்து நிலையத்தில் வண்டி நிற்கவும், 'டப்' என்ற சத்தத்தோடு மூடி துணியையும் தூக்கிக்கொண்டு எழவும் சரியாக இருந்தது. மாவு நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல், பெரியவரின் கணுக்கால் வழியாக வேட்டிக்குள் ஏறியது.

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கைக்குட்டையை எடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார். "உடுங்க தம்பி, வெள்ளை மேல வெள்ளைதானுங்களே" என்றார். பிறகு விரலால் கொஞ்சம் தொட்டு, இரு விரல்களுக்கு நடுவே இழுத்துப் பார்த்துவிட்டு, "நெம்ப நல்லாப் பொங்கியிருக்குதுங்க. உளுந்து எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். சூலூர் வரும்வரை உளுந்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். சிங்காநல்லூரில் இறங்கும்போது, ஊருக்கு மாவு கொண்டுபோவதென்றால் ஆட்டியதும் குளிரவைத்து, போசியில் பாதி மட்டும் ஊற்றி, மூடியை இறுக்காமல் எடுத்துவர வேண்டும் என்ற அறிவுரையையும் தந்துவிட்டுப் போனார். அது அவருடைய சொந்த அனுபவத்தில் வந்தது என்றே எனக்குத் தோன்றியது.

பொங்கிய மாவைக் கரண்டி விட்டுக் கலக்கி அடிக்காமல் இருந்தால் முதல் நாள் இட்லி தானாகவே நன்றாக அமையும். மேலாக இருப்பதை அப்படியே அள்ளித் தட்டில் ஊற்றி, பத்து நிமிடம் வேகவைத்து, இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஈரக் கரண்டியால் எடுத்தால் ஒட்டாது. அடியில் இருப்பது கனமானது, அது தோசைக்கு. எங்கள் வீட்டில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சிறு போசியில் எடுத்துக்கொண்டு, பெரிய பாத்திரத்தை உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறோம். முழுப் பாத்திரத்தையும் நாள்தோறும் வெளியே எடுத்து உள்ளே வைத்தால் அது மூன்றாம் நாளே முகத்தைச் சுளிக்க வைக்கும். புளிப்பு ஏறிய மாவில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையை நல்லெண்ணெயில் வதக்கிச் சேர்த்துப் பணியாரம் ஊற்றிவிட்டால், அதைச் சாப்பிடுகிறவர் மாவின் வயதைக் கேட்பதில்லை. அதற்கும் மேல் புளித்துவிட்டால் ராகி மாவைக் கொஞ்சம் கரைத்து ஊத்தப்பமாக்கலாம். அதற்கும் மேல் என்றால், கறிவேப்பிலைச் செடி இருக்கவே இருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மாவாட்டுவதில் ஆட்டுவது கால்பங்கு வேலை, முக்கால் பங்கு கழுவுவதுதான் என்பதைக் கண்டுபிடித்த பிறகு, மனைவியின் கை சரியான பின்னரும் இந்த வேலை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டும், டிரம்மின் நடுத்தண்டைச் சுற்றி ஒட்டியிருப்பதைச் சுரண்ட வேண்டும், மூடியின் விளிம்பு, மேடை, மேடையின் அடி, எப்படியோ மாவு போய்ச் சேர்ந்திருக்கும் கதவின் கைப்பிடி ஆகிய அனைத்தையும் துடைக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள்தான் ஒரு தீர்வு சொன்னாள். சுவிட்சைப் போட்டவரே கல்லையும் கழுவ வேண்டும் என்பது அவளுடைய சட்டம். எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு உளுந்து ஊறி முடிந்தது. ஏழு மணிக்கு அரிசியும் தயாராக இருந்தது. ஏழரை மணிக்கு மனைவி கிரைண்டருக்குள் உளுந்தை அள்ளிப் போட்டு, தண்ணீர் தெளித்து, மூடியையும் போட்டுவிட்டு, சுவிட்சைத் தொடாமல் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அம்மா தொலைக்காட்சித் தொடரில் ஆழ்ந்திருந்தார். விளம்பரம் ஓடும்போதும் ஆழ்ந்தே இருந்தார். மகள் புத்தகத்தோடு சமையலறை வழியாக மூன்று முறை போனாள். நான் செய்தித்தாளின் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் வாசித்தேன். அது வரிவிளம்பரப் பக்கம். ஒன்பதரை மணிக்குத் தெருவில் மின்சாரம் போய் வந்தபோது, கிரைண்டர் தானாக ஓடத் தொடங்கிவிடாதா என்று நால்வரும் தலையைத் திருப்பிப் பார்த்தோம். ஓடவில்லை.

சட்டத்தில் அன்றிரவே திருத்தம் கொண்டுவந்தோம். சுவிட்சைப் போட்டவர் கல்லை மட்டும் கழுவினால் போதும், டிரம் இன்னொருவருக்கு, சிந்தியவர் தரையைத் துடைக்க வேண்டும், இவற்றில் எதையும் செய்யாதவர் மறுநாள் இட்லியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எந்தக் கருத்தும் சொல்லக் கூடாது. கடைசி உட்பிரிவு என் மனைவி சேர்த்தது. வீட்டில் அமைதி நிலவுவதற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

கழுவுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மாவை வழித்தெடுத்ததுமே, காய்வதற்குள், இரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றி ஒரு நிமிடம் கிரைண்டரை ஓடவிட்டால் கல்லில் ஒட்டியதில் பெரும்பகுதி கரைந்துவிடும். முதலில் வரும் அந்தக் கெட்டியான தண்ணீரை அரிசி மாவோடு சேர்த்துவிடலாம். அடுத்த தண்ணீர் செடிக்கு. சோப்பு வேண்டாம், தேங்காய் நார் போதும். கழுவிய பிறகு கற்களை நன்றாகக் காயவிட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும், ஈரத்தோடு மூடிவைத்தால் மறுமுறை திறக்கும்போது வீடே அறியும். ஆண்டுகள் சென்று கல் வழவழப்பாகிவிட்டால், எவ்வளவு நேரம் ஓடினாலும் அரிசி ஆடாது. அப்போது கொத்திக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் அம்மி கொத்துகிறவர்கள் உளியோடு தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வருவார்கள். இப்போது நாம்தான் கல்லைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, சட்டம் எதுவும் அறியாத என் ஏழு வயது மகன், யாரும் கேட்காமலே ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டான். மாவு ஆடி முடிந்ததும் அம்மா ஆசாரத்திலிருந்தபடியே, "சுச்சைப் போட்டது ஆரு?" என்று கேட்டார். அவன் பெருமையோடு கையைத் தூக்கினான். கல்லைத் தூக்கும் வலு அவனுக்கு இல்லாததால் நான் தூக்கிக் கொடுத்தேன். அவன் தொட்டியடியில் உட்கார்ந்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றி, நாரால் அரை மணி நேரம் தேய்த்தான். கல்லைவிட அவன் அதிகமாக நனைந்தான். தண்ணீரைச் சுமந்துபோய்க் கறிவேப்பிலைச் செடிக்கும் ஊற்றினான்.

மறுநாள் காலையில் முதல் இட்லியை அவனுடைய வட்டலில் வைத்தோம். ஒரு விள்ளலை எடுத்துச் சட்னியில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, வெகுநேரம் மென்று, எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான்.

"கொஞ்சம் கல்லாட்ட இருக்குதுங்க ஆத்தா" என்று பாட்டியிடம் சொன்னான்.

அம்மா என்னைப் பார்த்தார், நான் மனைவியைப் பார்த்தேன். அவன் கல் கழுவியவன் ஆதலால் யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை.